சுருக்கம் விடாத வளையம்

விருத்தாசலம்
23.11.2008

கனடா தேசத்தில் ஐஸுக்கு நடுவே குடித்தனம் நடத்தும் என் அக்கா மகள், சௌபாக்கியவதி வெண்பாவுக்கு, ஐஸே இல்லாத ஊரிலிருந்து தாய்மாமன் விருத்தகிரி மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை கனகா, வாசல் வேப்பமரம் மூவரும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, என் அக்கா, பேரன் நிலவன் நால்வரும் சுகமாயிருக்கும்படி பழமலைநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

விஷயம் என்னவென்றால், உன் லென்ஸ் விற்கவில்லை. விற்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ போனில் "மாமா, அந்தப் பழைய கேமரா லென்ஸ யாருக்காச்சும் வித்துடுங்க" என்று சொன்னபோதே என் இடது கண் துடித்தது. ஆம்பிளைக்கு இடது கண் துடித்தால் காரியம் நடக்காது. நடக்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே, சொன்னேன். இதைப் போனிலேயே விளக்கியிருப்பேன். ஆனால் நான் போனில் பேசும்போதெல்லாம் உன் அத்தை எதிரே நின்றுகொண்டு, நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இது நிசம், இது புளுகு என்று தலையாலேயே தீர்ப்பு எழுதுகிறாள். அப்படி ஒருத்தி நிற்கும்போது எந்த மனுஷனுக்கு உண்மை வரும்? அதனால்தான் கடிதம்.

நீ சொன்ன காரணம் எனக்கு விளங்கவில்லை என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நம்பாதே. விளங்கியது. கொஞ்சம் வேறு மாதிரி விளங்கியது. "என்னோட புது டிஜிட்டல் கேமராவுல மோட்டார் இல்ல மாமா, அதனால அந்த லென்ஸு இதுல தானா ஃபோகஸ் ஆகாது" என்றாய். அவ்வளவு பணம் கொடுத்து மோட்டார் இல்லாத சாமானை ஏன் வாங்கினாய் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே பஸ் ஏறி நம் பக்கத்து ஊர் மங்களூர் போய், பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அர்ச்சுனனைப் பார்த்தேன். அவன் "சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?" என்றான். கனடா என்றேன். "அங்க த்ரீ பேஸு எத்தினி மணிக்கு வுடுறாங்க?" என்று கேட்டான். உனக்கு எழுதிக் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், மறக்காமல் எழுது. அதே போனில் என் அக்கா வாங்கிப் பேசினாளே, பேரனுக்குப் போட்ட வெள்ளிக் காப்பு இறுகிப்போய் வெட்டி எடுக்கும்படி ஆகிவிட்டது என்று, அப்போது அவன் மணிக்கட்டு இப்போது எவ்வளவு இருக்கும் என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பேச்சுக்குக் கேட்டது.

உன் சாமான்களை விற்பது எனக்குப் புதிது இல்லை. சைக்கிளை விற்கச் சொன்னாய், விற்றேன். அக்காவும் பேரனைப் பார்த்துக்கொள்ள உன்னிடமே வந்துவிட்ட பிறகு கட்டில், கிரைண்டர், பீரோ ஒவ்வொன்றாகப் போயின. பீரோ போனபோது அதன் கதவில் நீ ஒட்டிய ஸ்டிக்கரோடு போயிற்று, வாங்கியவர் சுரண்டிவிட்டார். இப்போது இந்த ஊரில் உன்னுடையது என்று மிச்சமிருப்பது இந்த லென்ஸ் ஒன்றுதான். கேமரா உடம்பு கெட்டுப்போய்த் தூக்கிப் போட்டாயிற்று, இது மட்டும் டீ டம்ளர் உயரத்துக்குக் கறுப்பாய் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை. அதில்தானே நீ என்னை, நான் வேலை பார்க்கும் பீங்கான் சூளை வாசலில் நிற்கவைத்து எடுத்தாய். பின்னாலிருந்த நெருப்பெல்லாம் கலங்கி ஆரஞ்சு மிட்டாய் மாதிரி தெரிய, என் முகம் மட்டும் துல்லியமாக இருக்குமே, அந்தப் படம். "இந்த ஒரு படத்துலதான் ஒங்க மாமா வாய மூடிக்கிட்டு இருக்காரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தை காட்டுகிறாள்.

சரி, விற்பனைக்கு வருகிறேன். ஜங்ஷன் டீக்கடையில் ஒரு வார்த்தை போட்டேன், விருத்தகிரியிடம் முதல் தரமான லென்ஸ் இருக்கிறது என்று. நான் போடும் வார்த்தை ரயிலைவிட வேகமாகப் போகும் என்பது உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் பூவாயி என்று ஒரு அம்மா, வயதானவர், வாசலில் நிற்கிறார். "ஏம்ப்பா, ஒன் வூட்டுல லென்ஸு வச்சிருக்கியாமே. ஆசுபத்திரில கூட்டம் தாங்கல. எனக்கு எடது கண்ணுதான் பொர. நீயே வச்சுவுட்டுடு, புண்ணியமாப் போவும்" என்றார். இது கண்ணுக்கு வைக்கிறது இல்லை, கேமராவுக்கு வைக்கிறது என்று சொன்னால் அவருக்குச் சந்தேகம், வேண்டியவர்களுக்கு மட்டும் வைத்துவிடுகிறேனோ என்று. சரி, நீங்களே பாருங்கள் என்று கையில் கொடுத்தேன். நல்ல கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தெருவைப் பார்த்தார். "என்னாப்பா இது, ஊரே தலகீழாத் தொங்குது. இத வச்சிக்கிட்டு எப்புடிப் பஸ்ஸு ஏறுறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டீ குடித்துக்கொண்டே, "யாரு வூட்டுச் சாமான் இது?" என்றார். அக்கா மகளுடையது, அவள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன். "அந்தப் பொண்ணு எப்ப வருது?" என்றார். உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பி வைத்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் தேவநாதன் வந்தான். ஸ்ரீமுஷ்ணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பையன், கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுக்கிறான். சென்னையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் கேமராவைத் துண்டில் சுற்றி, கோவில் பிரசாதம் மாதிரி கொண்டுவந்தான். "எனக்கு முன்னாடி ரெண்டு பேரு இதோட வாழ்ந்துட்டாங்கண்ணே. ஆனா மோட்டார் உள்ளாறயே இருக்குது. ஒங்க லென்ஸு கெடச்சா போதும், பொண்ணு மாப்பிள்ள மொகம் மட்டும் பளிச்சினு நிக்கும், பின்னாடி இருக்கிற பிளெக்ஸ் போர்டெல்லாம் பனியாட்டம் கலங்கிடும்" என்றான். பிளெக்ஸ் போர்டில் சித்தப்பன் பெரியப்பன் படமெல்லாம் இருக்கும், அதைக் கலக்கினால் பந்தலிலேயே உன்னைக் கலக்கிவிடுவார்கள் என்று அவன் நன்மைக்காகச் சொன்னேன். கேட்கவில்லை. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தான். "இந்த அடமழையிலும் ஒரு பொட்டு இல்லையேண்ணே, எங்க வச்சிருந்தீங்க?" என்று அசந்துபோனான். அது என் தொழில் ரகசியம் என்றேன்.

இங்கே நீ ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். லென்ஸின் அடியில் மூன்று பல் இருக்கும், கேமராவின் வாயில் அதற்கு மூன்று பள்ளம் இருக்கும். ஒரு கம்பெனிப் பல் இன்னொரு கம்பெனி வாயில் உட்காராது, சம்பந்தி வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. இதெல்லாம் அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். "குடுங்கண்ணே, நானே மாட்டிப் பாக்குறேன்" என்று கை நீட்டினான். விடுவேனா? "தம்பி, வெளியில தூசி. இது பீங்கான் ஊரு, காத்துலயே பாதி மண்ணு. பீங்கான்ல ஃப்யூஸு கேரியர் பண்ணிப் பண்ணி மில்லிமீட்டர்லயே வாழ்ந்தவன் நான், உள்ள போயி மாட்டிக்கிட்டு வர்றேன்" என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நேராகப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், வலமாகத் திருப்பினேன், இடமாகத் திருப்பினேன். வெளியே வந்து, "ஒக்காரல தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "கேமராவுலயும் லென்ஸுலயும் ஒரே பேருதானண்ணே போட்டிருக்குது" என்றான். "பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா? இந்த ஊருல தடுக்கி வுழுந்தா ஒரு விருத்தகிரி. எல்லாரும் நானா?" என்று கேட்டேன். பையன் கேமராவைத் திரும்பத் துண்டில் சுற்றத் தொடங்கினான். அத்தை மட்டும் சமையலறை வாசலில் நின்று தலையை ஒரு பக்கமாக ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று நான் பார்க்கவில்லை.

அவன் அதோடு போயிருந்தால் கதை முடிந்தது. போகிற வாக்கில், "சென்னையில நடுவுல போடுற வளையம் விக்கிறாங்கண்ணே. ஒரு பக்கம் லென்ஸு, ஒரு பக்கம் கேமரா. அது இருந்தா எதோட எதையும் சேத்துடலாம்" என்றான். உடனே உன் அத்தை, "வளையத்துக்கு ஏங்க சென்னைக்குப் போறீங்க? கலெக்டர் ஆபீசு மேசைக்கே பேனா ஸ்டாண்டு பண்ணிக் குடுத்தவரு, இவுரு பண்ண மாட்டாரா?" என்றாள். பாராட்டித்தான் சொன்னாள். அந்தப் பேனா ஸ்டாண்டு கலெக்டர் ஆபீசுக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது என்பது வேறு விஷயம், மேசை மேசைதான். தேவநாதனும் "பண்ணிக் குடுங்கண்ணே, தை மாசம் பூராக் கல்யாணம்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கனடாவில்கூட எவனும் செய்யாத காரியம், பீங்கானில் லென்ஸ் வளையம். ஒத்துக்கொண்டேன்.

லென்ஸின் வாயை அளந்து, பாரிஸ் சாந்தில் அச்சு எடுத்து, ஃப்யூஸுக்கு ஊற்றுகிற நல்ல மண்ணையே ஊற்றி, பல்லெல்லாம் ஊசியால் சீவி, ஒரு வாரம் காயவைத்தேன். சூளை அடுக்குகிற கோவிந்தராசு அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சுருக்கம் வுட்டியாய்யா?" என்றான். உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். பச்சை மண்ணைச் சுட்டால் எட்டில் ஒரு பங்கு சுருங்கிப் போகும். அதனால் அச்சை முன்கூட்டியே அந்த அளவுக்குப் பெரிதாக வெட்டுவோம், அதற்குத்தான் சுருக்கம் விடுவது என்று பேர். நேற்று வேலைக்கு வந்தவனைக் கேட்கிற கேள்வியை என்னைக் கேட்கிறான். "கோவிந்தராசு, இந்தச் சூளைக்கே சுருங்கக் கத்துக் குடுத்தவன் நானு" என்றேன். சூளை ஆறித் திறந்தபோது வளையம் வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. லென்ஸின் பக்கத்தில் வைத்தால் லென்ஸின் குழந்தை மாதிரி இருந்தது. சுருக்கம் விட மறந்துபோயிருந்தேன். "எந்தப் பொம்மைக்குய்யா வளவி பண்ணுன?" என்று கோவிந்தராசு கேட்டான் பார், சூளைக் கொட்டகையே சிரித்தது. தேவநாதன் வந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான், இரண்டு நாளில் வேறு எங்கேயோ ஒரு லென்ஸ் பிடித்துவிட்டான். வளையத்தை அத்தை சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள், எதற்கென்று தெரியவில்லை.

ஆகவே உன் லென்ஸ் இந்த ஜில்லாவில் எந்தக் கேமராவிலும் பொருந்தாது என்பது சந்தேகமில்லாமல் நிரூபணம் ஆகிவிட்டது. தபாலில் அனுப்பலாமே என்பாய். முத்திரை குத்துகிற குத்தில் கண்ணாடி தாங்காது. தெரிந்தவர்கள் மூலம் அனுப்பலாமே என்பாய். கனடா போகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எனக்குப் பிடிக்காது. நீயே வந்து கையில் வாங்கிக்கொண்டு போவது ஒன்றுதான் வழி. மாசி மகம் வருகிறது, மணிமுத்தாற்றில் சாமி தீர்த்தவாரிக்கு இறங்கும், பேரனுக்கு இன்னும் மொட்டை அடிக்கவில்லை என்று அக்கா சொன்னாள். வந்த காரியத்தோடு காரியமாய் அதையும் முடித்துக்கொள்ளலாம். லென்ஸுக்காகத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. என் அக்காவுக்கு, ஐஸில் வழுக்காத செருப்பாய்ப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன் என்று சொல். நிலவன் பழமலைநாதர் மலை மாதிரி நிலைத்து, மணிமுத்தா நதி மாதிரி வற்றாமல் வளர என் ஆசீர்வாதம். நதியில் இப்போதுதான் மழைத் தண்ணீர் வந்திருக்கிறது, அதற்கு முன்னால் எழுதியிருந்தால் வேறு உதாரணம் போட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் நன்மை ஒன்றையே நினைக்கும் மாமன்
விருத்தகிரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். நிசம் என்றோ புளுகு என்றோ தலையை ஆட்டவில்லை. பேனாவை எடுத்துத் திரும்ப என் கையில் கொடுத்தாள். ஆகவே ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்துகிறேன். தேவநாதன் கேமராவில் உன் லென்ஸ் பொருந்தியது. கதவைச் சாத்திக்கொண்டு வைத்துத் திருப்பினேன், பூட்டில் சாவி விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டு உட்கார்ந்துவிட்டது. வெளியே கேட்டிருக்குமோ என்று இருமினேன். கண்ணை வைத்துப் பார்த்தேன், ஒரே மூட்டம். நீ செய்வாயே, அந்த மாதிரி விரலால் மெல்ல முறுக்கினேன். மூட்டத்துக்குள்ளிருந்து உத்தரத்தில் ஒரு கொக்கி தெளிந்து வந்தது. உன் தூளி கட்டியிருந்த கொக்கி. அதற்குப் பிறகு கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, உட்காரவில்லை என்று சொன்னேன். மற்றதெல்லாம் அநேகமாக நடந்ததுதான், கொஞ்சம் மெருகு கொடுத்திருக்கிறேன். வளையம் விஷயத்தில் ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும். இத்தனை வருஷம் மண்ணில் கிடந்தவனுக்குச் சுருக்கம் விடத் தெரியாதா, பாப்பா? அக்காவிடம் மணிக்கட்டு அளவு கேட்டுத்தான் அச்சு வெட்டினேன். அது லென்ஸுக்குச் சின்னதாகப் போகவில்லை, பேரன் கைக்குச் சரியாக இருக்கிறது. மாசிக்கே வந்துவிடுங்கள். கை வளரும், சுட்ட பீங்கான் வளராது.