மச்சானை விரட்ட ஒரு நவீன நாற்காலி

அறுபத்தொன்றாம் வருஷம் நான் ஒரு வீரச் செயல் செய்யத் தீர்மானித்தேன். பாலக்கரையில் இருக்கும் என் வீட்டுக் கூடத்திலிருந்து ஒரு தேக்கு பெஞ்சை வெளியேற்றுவது.

பெஞ்சு என் மனைவி செல்வமேரி சீராகக் கொண்டுவந்தது. ஆறடி நீளம். அவள் அண்ணன் அருள்நாதனும் ஆறடி. சனிக்கிழமை தவறாமல் துறையூரிலிருந்து பஸ் ஏறி வந்து அதில் கால் நீட்டிப் படுத்தால் திங்கள்வரை குறட்டைதான். ஞாயிறு பூசை முடிந்து வந்து என் வீட்டில் நான் நிம்மதியாக உட்கார்ந்து வருஷம் நாலாகிறது. பெஞ்சு போனால் மச்சான் வருவது நிற்கும் என்பது என் திட்டம்.

அந்தச் சமயம் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு சின்ன ஹாலில் நவீன நாற்காலிக் கண்காட்சி போட்டிருந்தார்கள். செல்வமேரியையும் அழைத்துப் போனேன். எல்லாம் வளைத்த பலகை, பிரம்புப் பின்னல், பரப்பி வைத்த ஒல்லிக் கால்கள். மற்றவர்கள் அழகைப் பார்த்தார்கள். நான் நீளத்தைப் பார்த்தேன். பம்பாயில் படித்துவிட்டு வந்து அவற்றை வடிவமைத்த நஜிமுதீனை ஓரமாக அழைத்தேன்.

"தம்பி, இதுல ஒரு ஆள் படுக்க முடியுமா?"

"முடியாதுங்க. உக்கார மட்டும்தான்," என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"ரெண்டைச் சேர்த்துப் போட்டா?"

"நடுவுல கைப்பிடி இடிக்குங்க."

உடனே என் பேரில் நாற்காலிகளுக்கு ஆர்டர் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

செல்வமேரி சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அப்பா கொடுத்த பெஞ்சு வெளியாளிடம் போகக் கூடாது, அண்ணனுக்கே போகட்டும், உங்கள் கையால் அவருக்கு ஒரு கடுதாசி எழுதிவிடுங்கள் என்றாள். அவ்வளவுதானே என்று இரண்டு பக்கம் பாசத்தைக் கொட்டி எழுதினேன்.

சனிக்கிழமை காலை மாட்டுவண்டி வந்தது. பெஞ்சின் ஒரு முனையை நானே தூக்கி ஏற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, சந்தோஷத்தில் வலி தெரியவில்லை. வாசலில் நின்று வழியனுப்பினேன். வண்டி நாலு வீடு தாண்டி நின்றது.

"துறையூர் போற மாடு இங்கயே நின்னுடுச்சே," என்றேன்.

"வீடு வந்தா நிக்கத்தானேங்க செய்யும்," என்றாள் செல்வமேரி.

அந்த வீட்டை அண்ணன் வாடகைக்குப் பார்த்துவைத்து மூன்று மாதமாகிறதாம். குடும்பத்தோடு பக்கத்திலேயே வந்தால் மாப்பிள்ளை முகம் சுளிப்பாரோ என்று தயங்கிக்கொண்டிருந்தாராம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"உங்க கடுதாசியப் படிச்சுட்டு அழுதுட்டாராம். இவ்வளவு பிரியம் வச்சிருக்கிற மாப்பிள்ளைய வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் பாத்தா போதுமான்னு கேக்கறாருங்க."