மாப்பிள்ளையின் வெளிவராத பாட்டுகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமென்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

காலமான தங்கள் மகன், என் மாப்பிள்ளை, வெளியிடாமல் வைத்திருந்த கிட்டார் பதிவுகளைத் திரட்டி ஆல்பமாகப் போட ஒரு இசைக் கம்பெனி கேட்கிறது. தங்கள் சம்மதத்துக்கும் வருவார்கள். தயவுசெய்து முடியாது என்று சொல்லிவிடுங்கள். இங்கேயும் வந்துவிடாதீர்கள்.

கம்பெனியின் ஒலிப்பதிவுக்காரர் வந்து மாப்பிள்ளையின் அறையில் டேப்பை ஓடவிட்டார், ஜன்னல் கண்ணாடி அதிர கிட்டார் உறுமியது, நானும் புரிந்தவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன், பாட்டு நின்றதும் மாப்பிள்ளையின் குரல், "மாமா, அந்த ஃபேனை நிறுத்துங்க, கரகரங்குது" என்றது. நிறுத்திவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அந்த ஃபேன் அவர் போன பிறகு வாங்கியது! "பழைய ஃபேனைச் சொல்லியிருப்பாரு சார்" என்று ஒலிப்பதிவுக்காரர் சமாதானம் சொல்லி இருமினார். "வெளியே போய் இருமிட்டு வாங்க சார், ரெக்கார்டிங் நடக்குது" என்றது டேப். போனவர் திரும்பவில்லை, அவர் செருப்பில் ஒன்று இன்னும் வாசலில் கிடக்கிறது. என் மனைவியோ, "குரல் கம்மியிருக்கே, பாவம்" என்று ஸ்பீக்கர் முன்னால் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போனாள். கண் கொட்டாமல் பார்த்திருந்தேன். டீ குறையவில்லை. ஆனால் சாயங்காலம் வரை ஆறவும் இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் சம்பந்தி, மகள் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறாள், அவர் பதில் சொல்கிறார், இவள் சிரிக்கிறாள். அவர் போனதிலிருந்து சிரிக்காத பெண். கேட்க ஆசையாகவும் இருக்கிறது, முதுகு சில்லிடவும் செய்கிறது.

"டேப் தீர்ந்துட்டா என்னம்மா பண்ணுவே?" என்றேன்.

"தீராதுப்பா. புதுசு புதுசா வாசிச்சுக்கிட்டே இருக்காரு" என்றாள்.

இது ஆல்பமாக வந்தால் எத்தனை வீட்டில் எத்தனை பேரை அதட்டுவாரோ! ஆகவே மறுத்துவிடுங்கள். டேப்புகளை மூட்டை கட்டி எங்காவது போட்டுவிடுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் தணியட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன், பிழை பார்க்க இதை உரக்கப் படித்தேன். பக்கத்து அறையில் டேப் ஓடுவதை மறந்துவிட்டேன். கிட்டார் சட்டென்று நின்றது. "மாமா, இதையெல்லாம் எழுதாதீங்க, அப்பா பயந்துடுவாரு. நான் வாசிச்சு அவரு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வந்து கேக்கச் சொல்லுங்க. அவரு கேட்டுட்டா நான் நிறுத்திக்கிறேன்." மகள் வெகுநேரம் அழுதாள். பிறகு அவளே முகம் கழுவிக்கொண்டு வந்து, "எழுதுங்கப்பா" என்றாள். எனவே மேலே சொன்ன எதையும் மனதில் கொள்ளாமல் உடனே புறப்பட்டு வாருங்கள். கிட்டார் இன்னும் நின்றபடியே இருக்கிறது. டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.