ரெஜிலாவின் ஐந்தாம் அத்தியாயம் குறித்து

மதிப்புக்குரிய வேலாயுதன் அத்தானுக்கு,

வணக்கம். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். இங்கே செங்கல் ஊரில் நாங்கள் எல்லோரும் நலம். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு முற்றத்தில் நடந்துகொண்டே பேசுகிறவர். இது பக்கத்து வீடு கேட்க வேண்டிய சங்கதி அல்ல.

வருகிற திங்கட்கிழமை நீங்கள் இருக்கும் பல்கலைக்கழகக் குழுவின் முன்னால் என் மாணவி ரெஜிலாவின் முனைவர் பட்ட ஆய்வேடு வருகிறது. அதில் ஐந்தாம் அத்தியாயத்தை நீக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீக்கினால் அவள் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டிவரும். அவளுக்காக ஒரு கல்லூரியில் ஒதுக்கி வைத்திருக்கும் வேலை அதற்குள் வேறு ஆளுக்குப் போய்விடும். அது தெரிந்துதான் கேட்கிறேன்.

எங்கள் பல்துறை ஆய்வு மையத்துக்கு இருப்பது ஒரே கேள்வி: திருப்புறம் பக்கத்தில் ஜனங்கள் மரச்சீனிக் கிழங்கு நடுவதை ஏன் விட்டார்கள்? நான் பொருளியல், கனகதாஸ் மண்ணியல், ஜெஸி டீச்சர் உளவியல். மூவரும் சேர்ந்து ஒரு பொதுச் சட்டகம், அதாவது மூன்று துறைக்கும் பொதுவான ஒரு பார்வை, உண்டாக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முதல் கூட்டத்திலேயே கனகதாஸ் பலகையில் ஒன்றையொன்று வெட்டுகிற மூன்று வட்டம் வரைந்தான். மண்ணியலுக்குச் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வரைந்தவன், பொருளியலுக்குச் சாயா கிளாஸை வைத்து வரைந்தான். இதென்ன நியாயம் என்று கேட்டதற்கு, "எலே, மண்ணு இல்லாம நீ சந்தையில என்னத்தலே விப்ப?" என்றான். "வெல இல்லேண்ணா மண்ண வாரித் திங்கவாலே?" என்றேன் நான். ஜெஸி டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். பள்ளியில் நானும் அவனும் ஒரே பெஞ்சு, அப்போதே அவன் என் பக்கம்தான் காலை நீட்டுவான் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போதும் ஜன்னல் உள்ள அறை அவனுக்கு, ஜீப்பு அவனுக்கு, எனக்குச் சுவரைப் பார்த்த நாற்காலியும் பஸ்ஸும். போகட்டும். நான் அதைச் சொல்ல வரவில்லை.

மூவரும் தனித்தனியாகத் திருப்புறத்துக்குப் போய், ஒரே வீடுகளில், ஒரே திண்ணைத் திண்டில் உட்கார்ந்து கேட்டோம். மண் கெட்டுப்போனதுதான் காரணம் என்று கனகதாஸ் கண்டுபிடித்தான். விலை விழுந்ததுதான் என்று நான் கண்டுபிடித்தேன். சோர்வு என்று ஜெஸி டீச்சர். மூவருக்கும் கட்டுரை வந்தது, மூவருக்கும் பொன்னாடை கிடைத்தது. கனகதாஸுக்குப் போர்த்தியது பட்டு, எனக்குத் தலை துவட்டுகிற துவர்த்து. அதுவும் போகட்டும்.

ரெஜிலாவுக்கு நெறியாளர்கள் இரண்டு பேர், நானும் கனகதாஸும். மூன்று முடிவுகளையும் ஒரு சட்டகத்துக்குள் அடக்கு என்று அவளை அனுப்பினோம். அவள் நேரே, திருப்புறத்தில் நாங்கள் மூவரும் போயிருந்த சத்தியபாய் அம்மா வீட்டுக்குப் போய், மாமி, ஒரே வீட்டிலிருந்து மூணு காரணம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா சொன்னதை அப்படியே அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறாள், பாருங்கள்: "மண்ணு சாரு வந்து, மண்ணு கேடுதானேண்ணு கேட்டாரு, ஓ, ஆமாண்ணு சொன்னேன். ஒனக்க மற்ற சாரு வந்து, வெலையாக்கும் இல்லியாண்ணு கேட்டாரு, அதுக்கும் ஓண்ணு சொன்னேன். பாவம், வெயிலத்து பஸ்சு ஏறி வாற மனுசன். வீட்டுக்கு வந்தவியள வெறுங்கையோடயா மக்கா அனுப்பது?" அப்போ உண்மையான காரணம் எதாக்கும் என்று இவள் கேட்க, "அத நான் இன்னும் யோசிக்கல்ல. ஒனக்கு எது வேணும்?" என்றிருக்கிறார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். இவள் குளத்தூரிலிருந்து திருப்புறம் வரை வீடு வீடாகப் போய், தான் இசைத் துறை மாணவி என்றும், பக்கத்து வீடுகளில் ரேடியோ பாட்டு நின்றதால்தானே மரச்சீனியும் நின்றது என்றும் கேட்டிருக்கிறாள். கேட்ட வீடெல்லாம் ஒத்துக்கொண்டது! "ஓ, அதுவும் உண்டு. பாட்டு கேக்காத கெழங்குக்கு ருசி காணாது" என்று ஒரு கிழவர் பாட்டின் முதலடியே பாடிக் காட்டியிருக்கிறார். இதை வைத்துத்தான் ஐந்தாம் அத்தியாயம். எங்கள் மூன்று துறையும் இத்தனை வருஷம் சேகரித்தது தகவல் அல்ல, விருந்துபசாரம் என்று எழுதுகிறாள். அடக்கமான மொழியில்தான் எழுதுகிறாள், அத்தான், அதுதான் இன்னும் எரிகிறது.

வாசித்த அன்றே கனகதாஸ் என் அறைக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "எலே, இவ நம்மள ரெண்டு பேரையும் ஒரே குழியில போட்டு மூடீருவா" என்றான். "மண்ணும் ஒனக்கதுதானலே" என்றேன், ஆனால் அவன் சொன்னது சரி. அந்த அத்தியாயம் போக வேண்டும் என்பதில் மண்ணியலும் பொருளியலும் மறுபேச்சில்லாமல் ஒத்துப்போயின. ஜெஸி டீச்சரும் தலையாட்டினார். ரெஜிலாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். அந்தப் பிள்ளை அழவில்லை. "அப்போ உங்களுக்குப் பொதுச் சட்டகம் கிடைச்சாச்சு இல்லியா சாரே? மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பீரலாமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு நாக்கு!

என்னிடம் ஆதாரம் இல்லாமல் உங்களுக்கு எழுதுவேனா? நேற்று நானே பஸ் ஏறித் திருப்புறம் போனேன். "ரெஜிலாகிட்ட நீங்க சொன்னது சும்மா வெளையாட்டுக்குத்தானே?" என்று கேட்டேன். "ஓ, வெளையாட்டாக்கும் சாரே" என்றார் சத்தியபாய் அம்மா, ஒரு நொடி தயங்கவில்லை. "அப்போ காரணம் வெலதானே?" "பின்னே? வெலையேதான்!" சாயாவும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் தந்து, குடைபிடித்து பஸ் ஸ்டாப்பு வரை கொண்டுவிட்டார். சாட்சியே வாய்மொழியாக மறுத்தபிறகு அந்த அத்தியாயம் எந்தக் காலில் நிற்கும்? இதைத் திங்கட்கிழமை குழுவில் சொல்லுங்கள். மறுபேச்சே இருக்காது.

மகேஸ்வரத்து அம்மையப்பன் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். அக்கா ஸ்ரீகுமாரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். சத்தியபாய் அம்மாவின் பதிலுக்கு வந்ததும் அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. நான் எதை வாங்கப் போனேனோ அதைத்தான் கையில் தந்து அனுப்பியிருக்கிறார். அத்தான், ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வரியைக்கூடத் தொடாதீர்கள். கனகதாஸும் உங்களுக்கு எழுதுவான், அதை நம்பாதீர்கள். மேலே எழுதியதைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. குழுவில் யாராவது சந்தேகம் கேட்டால் முழுக்க வாசித்துக் காட்டுங்கள், அத்தான் என்று வரும் இடத்தில் மட்டும் ஐயா என்று சொல்லிக்கொள்ளுங்கள். தகவல் தந்தவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி மண்ணியலிலும் உண்டு, பொருளியலிலும் உண்டு, உளவியலிலும் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடாமல் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.