மூன்று அன்னங்களுக்கு எண்பத்தேழு மதிப்பெண்

வீட்டில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நடுவில் அகப்பட்ட ஆண் என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். யெல்லே டெய்க்ஸ்த்ரா அந்த ஞாயிற்றுக்கிழமை நீதிபதியாகிவிடுவது என்று முடிவு செய்தான்.

சண்டை கோடை விடுமுறையைப் பற்றியது. ஸ்வொல்லெ நகரத்தில் மற்றக் குடும்பங்கள் ஜூலை வந்தால் கடலைத் தேடிப் போகும், இல்லை மலையைத் தேடிப் போகும். யெல்லேயின் குடும்பம் தண்டவாளத்தைத் தேடிப் போகும். அவன் மனைவி ஃபெம்கேவுக்கும் பதின்மூன்று வயது மகள் ரோமிக்கும் ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். எந்த நாட்டில் எந்தப் பூங்காவில் எது எத்தனை மீட்டர் உயரம், எத்தனை தடவை தலைகீழாகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த வருடம் தெற்கே போகலாம் என்றாள் ஃபெம்கே. ஜெர்மனியில், ப்ரூல் பூங்காவில் இரண்டு நாள், அப்புறம் ரைன் நதியோரமாகவே இறங்கி ரூஸ்டில் ஒரு வாரம். வடக்கேதான் என்றாள் ரோமி. கோபன்ஹேகனில் டிவோலி பூங்கா, அங்கிருந்து கோதன்பர்க் பூங்கா. மூன்று வாரமாக வீட்டில் உப்புக் கேட்டால் ஐரோப்பா வரைபடம்தான் வந்தது.

இதில் யெல்லேயின் வேலை எப்போதும் ஒன்றுதான். பை பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது.

அதற்குக் காரணம் அவன் முதுகு. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பு, ஃபெம்கே அவனை எஃப்டெலிங் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். தண்டவாளம் ஒன்று வானத்தில் வட்டமாகச் சுருண்டு கிடப்பதையும், அதில் மனிதர்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரிப்பதையும் யெல்லே பார்த்தான். எட்டு வயதில் ஊர்த் திருவிழாவில் சின்னப் பிள்ளைகளுக்கான கம்பளிப்பூச்சி ரயிலிலிருந்தே அழுதுகொண்டு இறங்கியவன் அவன். காதலியிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? "முதுகுல ஒரு வலி இருக்கு" என்றான். சொன்ன பிறகு அந்த முதுகைக் கட்டிக் காக்க வேண்டியதாகிவிட்டது. ஃபெம்கே தொழில்முறை பிசியோதெரபிஸ்ட். ஒவ்வொரு பூங்காவிலிருந்தும் திரும்பி வந்ததும் அவனைக் குப்புறப் படுக்க வைத்து அரை மணி நேரம் அமுக்கிவிடுவாள். யெல்லே மெதுவாக முனகுவான். ஊர் முதுகையெல்லாம் அறிந்தவள் தன் முதுகை நம்பிவிட்டாள் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கமும் நிறைய நிம்மதியும் இருந்தன.

ஆனால் பதினெட்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் ஆசை என்று ஒன்று இருக்கும். யெல்லேயின் ஆசை தூண்டில். ஆர்டென் காட்டுக்குள் ஓர் ஏரி. ஏரிக்கரையில் மர வீடு. படிக்கட்டில் உட்கார்ந்தபடியே கெண்டை பிடிக்கலாம். அந்த ஏரியின் மறுகரையில் 'மூன்று அன்னங்கள்' என்று ஒரு சின்னப் பூங்காவும் இருந்தது. அங்கே இருப்பதிலேயே வேகமான சவாரி, காலால் மிதித்து ஓட்டுகிற அன்னப் படகு.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இந்தச் சண்டையை அறிவியல் முறையில் தீர்த்துவைக்கிறேன் என்று அறிவித்தான். அவன் நீர்வாரியத்தில் அதிகாரி. மாவட்டத்தின் வாய்க்கால்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்கிறவன். எல்லாப் பூங்காக்களையும் பதினான்கு தலைப்புகளில் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறேன், எது முதலில் வருகிறதோ அங்கே போகலாம், விருப்பு வெறுப்பு எதுவும் இருக்காது என்றான். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றார்கள்.

ஒரு வாரம் மதிய உணவு இடைவேளையில் ரொட்டியைக் கடித்தபடி அட்டவணை போட்டான். நிழல், பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் உள்ள தூரம், பாதையின் மேடுபள்ளம், கழிப்பறை எத்தனை அடியில், இரைச்சல், வரிசையின் நீளம், உருளைக்கிழங்கு வறுவலின் மொறுமொறுப்பு, அருகில் நீர்நிலை உண்டா, இப்படிப் பதின்மூன்று தலைப்புகள். கடைசியாக 'சவாரிகள்' என்று ஒன்று. நூற்றுக்கு ஐந்து மதிப்பெண் அதற்கு. நீர்வாரியத்தில் இருபது வருடத்தில் ஒரு துளியைக்கூடத் தவறாக எழுதாதவன், வீட்டுக்காக முதல் தடவையாக மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினான்.

மூன்று அன்னங்கள் எண்பத்தேழு. ரூஸ்ட் அறுபத்தொன்று. கோதன்பர்க் ஐம்பத்தெட்டு.

மறுஞாயிறு காபி மேசையில் அட்டவணையை விரித்தான். ரோமி ஒரு வரி படித்துவிட்டு, "அப்பா, இது வாத்துக் குளம்" என்றாள்.

"அன்னம்" என்று திருத்தினான் யெல்லே.

ஃபெம்கே மகளைக் கையமர்த்தினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினான்கு தலைப்புகளையும் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். பெஞ்சுகள் நிஜமாகவே நாற்பது மீட்டருக்கு ஒன்று இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றான். பாதையில் எங்கேயும் படிக்கட்டு கிடையாதா? கிடையாது என்றான்.

"ரொம்ப நேர்மையான அட்டவணை" என்றாள் ஃபெம்கே. "இவ்வளவு அக்கறையா நீ யோசிப்பேன்னு நான் எதிர்பார்க்கல. இன்னிக்கே அந்த மர வீட்டைப் பதிவு பண்ணிடு."

யெல்லே அதை அன்று சாயங்காலமே பதிவு செய்தான். அடுத்த நான்கு நாள் அவன் கால் தரையில் படவில்லை. புதுத் தூண்டில் நரம்பு வாங்கினான். பக்கத்து வீட்டு டிர்க்கிடம், பெண்களை ஜெயிக்க வேண்டுமானால் குரலை உயர்த்தக் கூடாது, புள்ளிவிவரத்தை உயர்த்த வேண்டும் என்று பாடம் எடுத்தான். டிர்க் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை இரவு ஃபெம்கே பட்டாணி சூப்பை ஊற்றிக்கொண்டே, அம்மாவுக்கு ஒரே சந்தோஷம் என்றாள்.

யார் அம்மாவுக்கு என்று யெல்லே கேட்டான்.

"என் அம்மாவுக்குத்தான். உன் அட்டவணையைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு யெல்லே. நிழல் வேணும், நாப்பது மீட்டருக்கு ஒரு பெஞ்சு வேணும், படிக்கட்டு கூடாது, இரைச்சல் கூடாது, கழிப்பறை பக்கத்துல. இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன எங்கம்மாவுக்காகவே போட்ட கணக்கு. நீ வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். நீயும் அம்மாவும் அந்த ரெண்டு வாரம் ஏரிக்கரையில இருங்க. நானும் ரோமியும் ரயில்ல எங்கயாச்சும் போய்க்கறோம்."

கரண்டி யெல்லேயின் கையில் நின்றது.

மாமியார் ஹில்லி கெட்டவர் அல்ல. ஆரம்பப் பள்ளியில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வை மற்றவர்களுக்குக் கொடுக்காதவர். காலையில் ஏழு மணிக்குச் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்குவார். மரண அறிவிப்புகளை இரண்டு தடவை வாசிப்பார், தெரிந்தவர் பெயர் விட்டுப்போயிருக்கக் கூடாதே என்று. இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கு. மீன் வாசனை ஆகாது. பதினான்கு நாள் ஏரிக்கரையில் அந்தக் குரல் ஒலித்தால் கெண்டை எல்லாம் பிரான்ஸுக்கு நீந்திப்போய்விடும் என்பதில் யெல்லேவுக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் அலுவலகத்தில் கணக்குப் போட்டான். இந்தத் தடவை நேர்மையான கணக்கு. ரோலர் கோஸ்டர் ஒரு தடவை ஏறி இறங்க நான்கு நிமிடம். மாமியார் பதினான்கு நாள், அதாவது இருபதாயிரத்துச் சொச்சம் நிமிடம். பயத்தை நிமிடத்தால் வகுத்துப் பெருக்கிப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் ஏறிவிடுவதே மேல் என்று விடை வந்தது.

சனிக்கிழமை காலை ஃபெம்கே தோட்டத்தில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். யெல்லே அருகில் போய் நின்றான்.

"ஃபெம்கே, முதுகு தேவலாம்."

"அப்படியா? எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

அவள் துணியை வைத்துவிட்டு அவனைத் திருப்பி நிறுத்தினாள். இடுப்புக்கு மேலே கட்டைவிரலை வைத்தாள். "இத்தனை வருஷமா எங்க வலிச்சுது?"

"இடது பக்கம்."

"போன வருஷம் வலது பக்கம். அதுக்கு முந்தின வருஷம் கழுத்து. நான் ஒரு நாளைக்குப் பன்னெண்டு முதுகு பார்க்கிறவ யெல்லே. உன் முதுகைப் பாடப் புத்தகத்துல படமாப் போடலாம், அவ்வளவு ஒழுங்கான முதுகு."

யெல்லே வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலிக்கு அந்தப் பக்கம் டிர்க் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரே செடிக்கு, வெகுநேரமாக. யெல்லே குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். கம்பளிப்பூச்சி ரயிலைச் சொன்னான். எஃப்டெலிங்கில் முதுகு வலி பிறந்த கதையைச் சொன்னான். ரோமி சின்னவளாக இருந்தபோது "அப்பா, நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுத்த ஒவ்வொரு தடவையும் முதுகைத் தடவிக்கொண்டு நின்றதையும் சொன்னான்.

ஃபெம்கே சிரிக்கவில்லை. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "பயம்னு அன்னிக்கே சொல்லியிருந்தாலும் உன்னைத்தான் கட்டியிருப்பேன்" என்றாள்.

"தெரிஞ்சும் இத்தனை வருஷம் ஏன் கேட்கல?"

"பையை யார் பிடிச்சுக்கறது? இப்பதானே எல்லாப் பூங்காவுலயும் நல்ல லாக்கர் வெச்சிருக்கான்."

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. அட்டவணையில் இரண்டாவதாக வந்தது ரூஸ்ட் என்பதால் தெற்கே போவதுதான் நியாயம் என்றாள் ஃபெம்கே. வடக்குக்காக மூன்று வாரம் போராடிய ரோமி ஒரு வார்த்தையும் பேசாமல் தலையாட்டியது யெல்லேவுக்கு வியப்பாக இருந்தது. மர வீட்டை என்ன செய்வது என்று கேட்டான். டிர்க் எடுத்துக்கொள்கிறானாம், ஏற்கெனவே கேட்டுவிட்டானாம். எப்போது கேட்டான் என்றதற்கு, போன ஞாயிற்றுக்கிழமையே என்றாள். அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் யெல்லே இல்லை. அவனுக்குள் ஏற்கெனவே ஏதோ ஒன்று செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

ஜூலை இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, ரூஸ்டில் வெயில் நன்றாக அடித்தது. ரோலர் கோஸ்டர் வண்டியின் முதல் வரிசையில் நான்கு இருக்கை. ஓர் ஓரத்தில் ரோமி, நடுவில் யெல்லே, அவனுக்கு மறுபக்கம் ஃபெம்கே, அதற்கப்புறம் ஒரு ஜெர்மன் தாத்தா, தொப்பியை மடித்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு. மடியின் மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. சங்கிலி இழுக்கத் தொடங்கியது. எழுபது மீட்டருக்கு மேல் என்று ரோமி ஆசையாகச் சொன்னாள். மரங்கள் கீழே போயின. கூரைகள் கீழே போயின. ஒரு பக்கம் ரைன் நதி தெரிந்தது, இன்னொரு பக்கம் கருங்காட்டு மலைகள் தெரிந்தன. யெல்லே எதையும் பார்க்கவில்லை. இதைவிட அது மோசமாக இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பதினான்கு நாள், மரண அறிவிப்பு, ஐந்தரை மணிச் சாப்பாடு. அந்த நினைப்பு ஒரு கைத்தடி மாதிரி அவனைத் தாங்கிப் பிடித்தது. பாவம் அந்த அம்மாள் ஏமாந்திருப்பாரே என்று கொஞ்சம் இரக்கமும் வந்தது.

"ஃபெம்கே, உங்கம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்களா?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"ஏரிக்குப் போக முடியலையேன்னு."

"அவளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? அவ ஆமலாண்ட் தீவுல இருக்கா. பிப்ரவரியிலேயே பதிவு பண்ணிட்டேன்னு அவ பிறந்தநாள் அன்னிக்கு உன்கிட்டத்தான் பத்து நிமிஷம் சொல்லிட்டிருந்தா. நீ கேட்டாத்தானே."

யெல்லே மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் எதிரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மகளின் பக்கம் திரும்பினான்.

"நான்தான் தோத்துட்டேன் அப்பா" என்றாள் ரோமி. "நீ ஏற மாட்டேன்னு அம்மாகிட்ட பந்தயம் கட்டினேன். தோத்தவங்க விட்டுக்கொடுக்கணும்னு பேச்சு. இல்லேன்னா நாம இப்ப கோதன்பர்க்ல இருந்திருப்போம்."

சங்கிலியின் சத்தம் நின்றது. மேலே சற்று நேரம் காற்று மட்டும் இருந்தது. இத்தனை வருடக் கணவன் என்ற முறையில் யெல்லேவுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. முறைப்படி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான். அவன் பேச்சு அடிவாரம் வரை தொடர்ந்து நீண்டது. ஆனால் அதில் எழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் 'ஆ'.