சீனி போடாத பரிசம்

உங்கள் வீட்டில் எத்தனை டாய்லெட்?

சும்மா கேட்கவில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் நீங்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஒன்றுதான் என்றால் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றுதான். மலேசியாவில், லிங்கிப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், வீட்டின் பின்புறம், தாழ்ப்பாள் சரியாக விழாத தகரக் கதவோடு.

எங்கப்பா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி. அவர் குடிக்கும் டீயில் கரண்டியை நட்டால் நிற்கும், அவ்வளவு பால்டின், அதுதான் டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால், ஊற்றுவார். அந்த மனுசனுக்கு இனிப்பு நீர் வியாதி என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கால் விரலில் ஒரு புண் வேறு ஆறாமல் கிடந்தது. அம்மா சீனி டப்பாவை ஒளித்து வைத்தார். அப்பா ஒளிந்து போய்க் கடையில் குடித்தார். வீட்டில் தினமும் போலீஸ் திருடன் விளையாட்டு.

நான் அப்போதுதான் நீலாயில் காலேஜ் முடித்து வந்திருந்தேன். படித்தது உணவியலா என்று கேட்காதீர்கள். மார்க்கெட்டிங். ஆனால் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பாதி டாக்டர் ஆகியிருந்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் லெக்சர்தான். "நீங்கள்லாம் சீனிக்கு அடிமை, தெரியுமா?" என்று அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரையும் பார்த்துச் சொல்வேன். (என்னை ஏன் அப்போதே அறையவில்லை என்று அம்மாவை இன்றும் கேட்கிறேன். "மறந்துட்டேன்" என்கிறார்.)

இந்த நேரத்தில்தான் கவிதா அக்காவுக்குப் பரிசம் வந்தது. மாப்பிள்ளை சுரேஷ், மம்பாவ் ஊர்க்காரர். அக்கா வேலை செய்யும் இடத்தில் பார்த்துப் பிடித்துப்போன ஆள். பரிசத்துக்கு முந்தின வாரம் அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"என் பொண்ணு பரிசத்துல நான் ஒரு வாயி கேசரி திங்கக் கூடாதாமா?"

"திங்கலாம்பா. வயிறு நெறைய திங்கலாம். நான் பாத்துக்குறேன்லா."

பார்த்துக்கொண்டேன். ஆன்லைனில் சைலிட்டால் என்று ஒரு மாற்றுச் சீனி வாங்கினேன். பார்க்கச் சீனி மாதிரியே இருக்கும், சீனி மாதிரியே இனிக்கும், ரத்தத்தில் அதிகம் ஏறாது. பாக்கெட்டின் பின்பக்கம் ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருந்தது. பின்பக்கம் படிக்கும் பழக்கம் எனக்கில்லை. முன்பக்கம் எழுதுவதைத்தானே காலேஜில் படித்தேன்?

அம்மா தட்டு வரிசையில் மும்முரமாக இருந்ததால் கேசரியும் குடிக்க ரோஸ் சிராப்பும் என் பொறுப்பு. இரண்டிலும் ஒரு மணி சீனி போடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மைக்கைப் பிடித்து, "நீங்க சாப்ட்டது எதுலயும் சீனியே இல்ல!" என்று அறிவிப்பதாகத் திட்டம். கைத்தட்டலுக்குச் சிரித்தபடி தலை குனிவதைக் கண்ணாடி முன் பழகியும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயில். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இறங்கிய கையோடு சிராப். ஐஸ் மிதக்க, ரோஸ் நிறத்தில். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு, "ருசியா இருக்குமா, யாரு கலக்குனது?" என்றார். நான் வெட்கப்பட்டேன். அப்பா? பல மாதப் பட்டினியை அன்றே தீர்த்துக்கொண்டார். கேசரியைத் தட்டு தட்டாக உள்ளே தள்ளினார்.

"அதே இனிப்பு பாப்பா! எப்படிலா செஞ்ச?"

"சீக்ரெட்பா."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பரிசத்துக்கு உட்கார்ந்தால், தட்டு மாற்றும் வரை பொண்ணோட அப்பாவும் மாப்பிள்ளையும் பாயைவிட்டு எழக்கூடாது. எழுந்தால் சகுனத் தடை. இதற்கு முன்னால் கோலா கிளாவாங்கிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பாதியில் அந்த மாப்பிள்ளை போன் பேச எழுந்து போனான். கொஞ்ச நாளில் அது உடைந்தது. அவனுக்கு வேறு பொண்ணு இருந்தது என்பதுதான் உண்மையான காரணம். ஆனால் தோட்டத்தில் இன்றுவரை காரணம் ஒன்றுதான்: "எந்திரிச்சிட்டான்ல!" அதன்பிறகு அக்கா ரொம்ப நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இன்னொரு தடவை அதே பேச்சைக் கேட்க அவளுக்குத் தெம்பு கிடையாது.

அப்பாவும் சுரேஷும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மாவின் அண்ணன் ராஜு மாமா மைக்கைப் பிடித்தார். மாமா மைக்கைப் பிடித்தால் பேட்டரி தீர்ந்தால்தான் விடுவார். தொண்டை கட்டிவிடும் என்று அன்றைக்கு ஐஸ் சிராப்பும் குடிக்கவில்லை. குடும்ப வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்தார்.

அப்போதுதான் என் வயிற்றுக்குள் அப்பாவின் லோரி மேட்டில் கியர் மாற்றியது.

ருசி பார்க்கிறேன் என்று காலையிலிருந்து அதிகம் குடித்தவள் நான்தானே? பின்பக்கம் ஓடினேன். உள்ளே உட்கார்ந்து போனைத் திறந்து, சைலிட்டால் என்று அடித்து, படித்தேன். கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றுமில்லையாம். ஒரேயடியாகச் சாப்பிட்டால் வயிறு போகுமாம்.

ஒரேயடியாகச் சாப்பிட்டவர்கள் ஒரு பஸ் நிறைய முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

கதவைத் திறந்தால் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா.

"நீதானா உள்ள? தள்ளும்மா கொஞ்சம்" என்று என்னை இழுத்து வெளியே விட்டுவிட்டுப் புகுந்தார். அவருக்குப் பின்னால் பட்டுச் சேலையில் இரண்டு அத்தைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வரிசையில்.

முன்னால் ஓடினேன். சுரேஷுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மேலே சுற்றும் காற்றாடியைக் கும்பிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கால் விரல்கள் பாயைக் கவ்வியிருந்தன. எதிரே அப்பா, மீசை துடிக்க, பல்லைக் கடித்தபடி. யாராவது ஒருவர் எழுந்தால் கதை முடிந்தது.

மாமாவின் காதில் கிசுகிசுத்தேன். "மாமா, சுருக்கமா முடிங்க."

"என்னா அவசரம்? கப்பல் இப்பத்தான் நாகப்பட்டணத்த விட்டு கெளம்பியிருக்கு!"

இன்னும் பினாங்கே வரவில்லை. பினாங்கு வந்து, ரயில் ஏறி, காடு வெட்டி, ரப்பர்ப் பால் மரம் நட்டு, அதை வெட்டிச் செம்பனை வைத்து, அப்பா பிறந்து... எனக்குக் கண் இருட்டியது.

பக்கத்தில் இரண்டு பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். "மாப்ள மூஞ்சியப் பாத்தியா? இஷ்டமே இல்ல போல."

"ஆமாலா. கட்டாயப்படுத்திக் கூட்டியாந்துட்டாங்க."

இது அறைக்குள் திரைக்குப் பின்னால் நின்ற அக்காவின் காதில் விழுந்துவிட்டது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கண் மை கலங்கியிருந்தது.

"அவருக்கு என்னா ஆச்சு யாழு? என்னையப் புடிக்கலையா?"

"ரொம்பப் புடிக்கும்கா. இல்லன்னா எப்பயோ எந்திரிச்சி ஓடியிருப்பாரு."

"என்னா சொல்ற?"

சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தாள். திரை வழியாகச் சுரேஷைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அவரு மட்டும் எந்திரிச்சாரு, ஒன்னைய செம்பனைக்கு உரமா போட்டுருவேன்."

வெளியே ராஜு மாமா, "அப்பேர்ப்பட்ட புயல்ல..." என்று குரலை ஏற்றினார். சுரேஷ் ஒரு கையைப் பாயில் ஊன்றினார். முட்டி அசைந்தது. அக்கா என் தோளில் நகத்தைப் பதித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கர்ர்ரென்று மைக் அலறியது. கண்ணைத் திறந்தால் அப்பா, உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, மாமாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருந்தார்.

"கப்பல் வந்து சேந்துருச்சு! என் பொண்ணு இனிமே ஒங்க பொண்ணு! தட்டப் புடிங்க!"

எங்கள் குடும்ப வரலாற்றிலேயே இதுதான் குட்டையான பேச்சு. தட்டு மாறியது. வெற்றிலை இரண்டு கீழே விழுந்தது, யாரும் குனியவில்லை. குலவை முடியுமுன் மாமனாரும் மருமகனும் ஒன்றாக எழுந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் பாய்ந்தார்கள்.

அத்தைகள் தட்டு பிடிக்க முன்னால் போயிருந்ததால், டாய்லெட் அந்த நேரம் காலியாக இருந்ததே சாமி புண்ணியம். இரண்டு பேரும் அதன் முன் போய் நின்றார்கள். நானும் அக்காவும் பின்னாலேயே ஓடினோம்.

சுரேஷ் வெளிறிப்போன முகத்தோடு ஒதுங்கி நின்றார். "நீங்க போங்க மாமா."

"இல்ல மாப்ள, நீங்க போங்க." அப்பா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பரவால்ல மாமா. நான்... தாங்குவேன்."

அப்பா அதற்கு மேல் உபசாரம் பார்க்கவில்லை. சுரேஷை அக்காவே கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பரிசமான கையோடு பொண்ணு மாப்பிள்ளை கையைப் பிடித்து ஓடியதைத் தோட்டமே பார்த்தது. குறை சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவரவருக்கு அவரவர் அவசரம்.

என் அறிவிப்பை நான் செய்யவில்லை. அம்மா செய்தார், துடைப்பத்தோடு. "ரெண்டு கரண்டி போடுற எடத்துல ஒரு கரண்டி போட்டா தீந்துச்சு! அதுக்கு எதுக்குடி ஆராய்ச்சி?" என்று அடுப்படியைச் சுற்றிச் சுற்றித் துரத்தினார். (அவர் சொன்னது சரி. அப்போது ஒத்துக்கொள்ள மூச்சில்லை.)

அப்பாவிடம் யார் அக்கா கல்யாணத்தைப் பற்றிப் பேசினாலும் ஒரே பதில்தான். "கதவுகிட்ட வழி விட்டான்யா. அந்த நேரத்துல! அவனுக்குக் கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம்." மம்பாவில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், கிளாஸை வாயில் வைக்குமுன் அத்தானின் அம்மா சுற்றிப் பார்த்து, "யாழு கை பட்டுச்சா இதுல?" என்று கேட்கிறார். மொத்தக் கூட்டமும் கிளாஸைக் கீழே வைக்கிறது.

அப்பா அன்றிலிருந்து இனிப்பாக எது கொடுத்தாலும் சந்தேகப்படுகிறார். டீயை வெறுமனே குடித்துப் பழகிவிட்டார். கடையிலும் அப்படித்தான். கால் புண் ஆறிவிட்டது. இதில் என் பங்கும் உண்டு என்று நான் மட்டும்தான் நம்புகிறேன்.

இப்போது அக்காவும் அத்தானும் வந்திருக்கிறார்கள். மேசையில் ஐந்து டீ. எதிலும் சீனி இல்லை.