சரக்கறையில் நின்ற எட்டாம் நம்பர்

"யாருங்க அந்த எட்டாம் நம்பர்?" என்று நிலையம்மா போனில் கரடியாய்க் கத்தினாள்.

"பேரெல்லாம் சொல்ல மாட்டேம்மா. விதிமுறை" என்றார் கீழ்த்தளத்துச் சோதனைத் தலைவர்.

"மூணாவது தடவையா ஜெயிக்கிறார். அதே சரக்கறை. சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டு!"

"திறமைசாலி" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

நிலையம்மா என்பது அலுவலகம் சூட்டிய பெயர். அந்தக் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ள வேண்டும். கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கு வெற்றி. சண்டை நடக்கும் இடத்துக்கு மேப் என்று பெயர். எட்டு மாதமாக அவள் வரைந்த மேப், பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளி நிலையம். சாப்பிடும்போதும் நிலையம், பல் தேய்க்கும்போதும் நிலையம் என்று அதே பேச்சாக இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்க்கப் போகிறார். பிடித்தால் நிலையம் விளையாட்டில் சேரும். பிடிக்காவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் வரைந்த பாலைவனம் சேரும். அந்தப் பாலைவனத்தில் மணலைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது. அதனிடம் போய்த் தோற்பதா?

தன் நிலையத்தில் அவள் என்னதான் வைக்கவில்லை? கண்ணாடிக் கூரைக்கு மேல் பூமி நீலமாக உருளும். தக்காளித் தோட்டம் இருந்தது, ஆள் உள்ளே ஊர்ந்து போகும்படியான குழாய்கள் இருந்தன. தினமும் கீழ்த்தளத்தில் எட்டுப் பேர் ஆடிப் பார்ப்பதை அவள் மேலே தன் திரையில் பார்ப்பாள். ஏழு பேர் அங்கெல்லாம் ஓடி ஓடிச் சுட்டுக்கொண்டு செத்தார்கள். எட்டாம் நம்பர் மட்டும் தொடங்கிய இடமான சரக்கறையை விட்டு ஓர் அடி நகரவில்லை. ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆனதும் திடீரென்று இரண்டு சுற்றுச் சுற்றுவார், மூன்று தடவை குதிப்பார், கூரையிலும் தரையிலும் சடசடவென்று சுடுவார். பக்கத்தில் யார் இருந்தாலும் காலி. பிறகு பழையபடி சுவர்.

சும்மா நிற்கிறவர் ஜெயிக்கிறார் என்றால் மேப்பில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். முதலாளி அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன வருஷம் ஒரு சோதனையின்போது ஆடுபவர்களின் பின்னால் நின்றுகொண்டு, "இடது பக்கம் போங்கய்யா, இடது!" என்று அவள் கத்தியதிலிருந்து, மேப் வரைபவர்கள் சோதனை அறையில் காலடி வைக்கத் தடை. அங்கே எட்டு மேஜைகள், நடுவில் தடுப்புப் பலகைகள். யாரும் யாரோடும் பேசக் கூடாது. பதினோரு மணி அடித்தால் எட்டு கம்ப்யூட்டர்களும் தாமாகவே ஆட்டத்துக்குள் நுழைந்துவிடும். இந்த ஏற்பாட்டில் தலைவருக்கு அப்படி ஒரு பெருமை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சரக்கறைப் பெட்டிகளையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தபோது துப்புரவு அக்கா வந்தாள்.

"காலைத் தூக்கும்மா. கீபோர்டையும் ஒரு துடை துடைச்சிரட்டா?"

"ஐயோ, வேண்டாம்க்கா! போன தடவை நீங்க துடைச்சதுல என் மேப்புல கதவு ஒண்ணு காணாமப் போச்சு."

"தூசியிலேயே உட்கார்ந்திருந்தா தும்மல்தான் வரும். கீழ இருக்கிறவங்க இப்படியா பண்றாங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

பெட்டிகள் போனதும் எட்டாம் நம்பர் பளிச்சென்று தெரிந்தார். ஆறு பேர் ஒரே நேரத்தில் அவரை நோக்கிப் பாய்ந்தார்கள். கதவோ ஒற்றை ஆள் நுழையும் கதவு. நெரிசலில் ஒருவர் முதுகில் ஒருவர் சுட்டு நாலு பேர் வாசலிலேயே விழுந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் உள்ளே போன நேரம், அந்த ஐந்தாவது நிமிடம்.

புதன்கிழமை அவள் சரக்கறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு வைத்தாள். இரண்டு கோஷ்டிகள் இரண்டு கதவு வழியாக நுழைந்து எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தீர்த்துக்கட்டின. நடுவில் நின்றவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"நம்மளுக்குத் தண்ணி காட்டுறாரு" என்று அன்று மாலை வீட்டில் புலம்பினாள். கணவர் எலக்ட்ரீசியன், எதையும் செய்து பார்த்துத்தான் நம்புவார். அவரைக் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தபடி நிற்கவைத்து, கரண்டியும் கையுமாக நாலு திசையிலிருந்தும் பாய்ந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா என்ன தப்பு பண்ணாரு?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணுமே பண்ணலைடி. அதான் பிரச்சினை!"

"அதுக்கு நானா கிடைச்சேன்?" என்று கணவர் தலையைத் தடவிக்கொண்டார். "தரை இருந்தாத்தானே நிக்க முடியும்? அதைப் பிடுங்கிடு."

வியாழக்கிழமை நிலையத்தில் புவியீர்ப்பை நிறுத்தினாள். எல்லாரும் மிதந்தார்கள். எட்டாம் நம்பரும் மிதந்தார், சுவரைப் பார்த்தபடியே. ஐந்தாவது நிமிடம் அவர் குதித்ததும் நேரே கூரையில் முட்டினார். சுட்டதில் துப்பாக்கி பின்னுக்குத் தள்ள, மின்விசிறி மாதிரி சுழன்று சுழன்று எல்லாப் பக்கமும் சுட்டார். ஏழு பேரும் ஒரே சுற்றில் முடிந்தார்கள். அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி வர ஒரு மணி நேரம் இருந்தது. நிலையம்மாவுக்கு வந்ததே கோபம். சரக்கறையை அப்படியே பெயர்த்து, நிலையத்தின் நட்டநடுவில், கண்ணாடிக் கூரைக்கு நேர் கீழே வைத்தாள். நாலு சுவர்களில் மூன்றை எடுத்துவிட்டாள். எட்டாம் நம்பர் தலைக்கு மேல் பெரிய விளக்கு ஒன்றையும் போட்டாள்.

"நில்லுங்க சார். ஊரே பார்க்கட்டும்!"

பதினோரு மணி. முதலாளி அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். பூமி உருண்டது, தக்காளிகள் மிதந்தன. நடுவில், கல்யாண மேடை வெளிச்சத்தில், ஒருவர் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தபடி நின்றார்.

ஏழு பேரும் ஒருவரையொருவர் சுடுவதை நிறுத்தினார்கள். பிறகு ஒன்று சேர்ந்தார்கள். தோட்டம் வழியாக மூன்று பேர், குழாய் வழியாக நாலு பேர் என்று பூனை மாதிரி பதுங்கி வந்தார்கள். கிட்டே வந்து, குறிபார்த்து... ஐந்தாவது நிமிடம்! எட்டாம் நம்பர் கூரைக்கும் தரைக்குமாய்ப் பறந்தார். தக்காளிகள் வெடித்தன, ஏழு பேர் ஏழு திசையில் சிதறினார்கள். விதிமுறையையெல்லாம் மீறி, கீழ்த்தளத்திலிருந்து ஏழு பேரின் வெடிச்சிரிப்பு படியேறி வந்தது.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையில்லை, சிரிப்புதான்.

"ஏழு பேர் சேர்ந்து ஒருத்தரை வேட்டையாடணும்! இப்படி ஒரு ஆட்டம் எங்கேயும் கிடையாதும்மா. நிலையம்தான். பாலைவனத்தை ஓரமா வைங்க."

நிலையம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எட்டாம் நம்பர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே பாசமாக மாறிவிட்டது.

"அந்த எட்டாம் நம்பரைப் பார்க்கணும்" என்று முதலாளி எழுந்தார். "நாளைக்கு அறிமுக விழா. ஆயிரம் பேர் முன்னால மேடையில அவரே ஆடிக் காட்டட்டும். அந்த நிதானம், அந்தப் பாய்ச்சல்! அவருக்குக் கீழே ஒரு பயிற்சிப் பிரிவே தொடங்கலாம்."

தடை அன்றைக்கு மட்டும் தளர்ந்தது. முதலாளி முன்னே, நிலையம்மா பின்னே படியிறங்கினார்கள். சோதனைத் தலைவர் மேஜையில் பத்து நாளாகப் பிரிக்காமல் கிடந்த ஒரு கடித உறையின் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு ஓடி வந்தார். ஏழு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கடைசித் தடுப்புப் பலகையைத் தலைவரே பெருமையோடு நகர்த்தினார்.

நாற்காலி காலியாக இருந்தது. மேஜை பளபளவென்று மின்னியது. பக்கத்தில் துப்புரவு அக்கா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இங்க இருக்கிறவர் எங்கேக்கா?" என்று நிலையம்மா கேட்டாள்.

"இந்த சாரா? தங்கச்சிக்குக் கல்யாணம்னு லீவு லெட்டர் எழுதி வச்சிட்டு ஊருக்குப் போயிப் பத்து நாளாச்சேம்மா" என்றாள் அக்கா. "தினம் பதினொண்ணு அஞ்சுக்கு நான்தான் வந்து கீபோர்டையும் மவுஸையும் அழுத்தித் துடைச்சிட்டுப் போறேன். ஏன், இன்னும் எங்கேயாச்சும் தூசி இருக்கா?"