கோர்ட்டு அண்ணாச்சியின் அதிகார எல்லை

ஒரு தீர்ப்பும் சொல்லாமலே பேர் வாங்கிய நீதிபதி உலகத்தில் கோர்ட்டு அண்ணாச்சி ஒருவர்தான். பகலில் வெல்டர். மற்ற நேரமெல்லாம் ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் தொழிலாளர் கேம்ப் ரூமில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுதான் அவருடைய நீதிமன்றம்.

சர்வதேச மனித உரிமை நீதிமன்றம் பற்றிப் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டார். அங்கே யார் பக்கம் நியாயம் என்று முதலில் பார்க்க மாட்டார்களாம். இதை விசாரிக்க நமக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் முதல் கேள்வியாம். எதிராளி நாடு அந்தக் கோர்ட்டை ஏற்றிருக்க வேண்டும், சம்பவம் அதற்குப் பிறகு, அந்த நாட்டின் பிடிக்குள் நடந்திருக்க வேண்டும், உள்ளூர்க் கதவையெல்லாம் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். அண்ணாச்சி அந்த முதல் கேள்வியோடு நின்றுவிட்டார்.

என் மீன்குழம்பை யாரோ காலி செய்த வழக்கு தள்ளுபடி. சமையலறை ரூமுக்கு வெளியே இருக்கிறதாம். குறட்டை வழக்கும் தள்ளுபடி. கோர்ட்டு தொடங்குமுன்பே குறட்டை தொடங்கிவிட்டதாம். ஏசி வழக்கில் மட்டும் கொஞ்சம் அசைந்தார்.

"ரிமோட்டு யார் கையில இருக்கோ, குளிருக்கு அவன்தாம்லே பொறுப்பு."

ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. தன் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது என்று அதையும் தள்ளினார்.

லீவு நாள் மதியங்களில் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். வளைகுடாவுக்கென்றே கடலோரத்தில் ஒரு கோர்ட்டு வருமாம். சைட்டிலிருந்து வரும் பஸ் நேரே அதன் வாசலில் நிற்குமாம். உள்ளே கூப்பிடுகிறவர், உங்கள் வழக்கு எங்கள் எல்லைக்குள்தான் என்று தமிழிலேயே சொல்வாராம். ஏசியின் முனகலில் அதைக் கேட்டபடியே தூங்கிப்போவோம். என்மேல் அந்தக் கடல்காற்றுகூட அடித்திருக்கிறது.

அப்போதுதான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லாத வீடு, தாரை வார்க்க நான் போயாக வேண்டும். சைட்டில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் லீவு. அந்த மாதம் அண்ணாச்சியின் முறை. மகளைப் பார்க்க நாளெண்ணிக்கொண்டிருந்தவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. லீவு தராத ஃபோர்மேன்மேல் வழக்குப் போட்டேன்.

மேனேஜரைக் கேட்டாயா என்றார் அண்ணாச்சி. கேட்டாகிவிட்டது என்றேன்.

"ஃபோர்மேன் நம்ம கோர்ட்ட ஏத்துக்கலியே தம்பி. கேஸ் தள்ளுபடி."

எனக்கு வந்த கோபத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சைட்டில் ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, யல்லா, கிளம்பு, நீ ஊருக்குப் போ, உன் அண்ணாச்சி அடுத்த முறை போகிறானாம் என்றார். அண்ணாச்சியிடம் ஓடினேன். எதுவும் உங்கள் எல்லைக்குள் வராது என்றீர்களே என்றேன்.

வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்.

"என் லீவு என் எல்லைக்குள்ள வருதுல்லா."

மணமேடையில் நான் அழுதேன். தங்கைக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.